குடியிருப்பு அல்லாத வீடு

தன் வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை என்று சொல்லும் நோட்டீஸைச் சம்பத் தானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான். ஒட்ட வந்த ஊழியருக்கும் அதில் ஒன்றும் விசித்திரமாகப் படவில்லை. காளியண்ணன் வீதி, கதவு எண் பதினான்கு, மனை காலி, பயன்பாடு ஏதுமில்லை, ஆட்சேபணை இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம். கதவைத் திறந்த ஆளிடமே "இங்க ஒரு கையெழுத்துங்க" என்று நீட்டினார். அவனும் போட்டான். அவர் அடுத்த வீதிக்குப் போய்விட்டார்.

நோட்டீஸின் அடியில் ஏற்கெனவே ஒரு கையெழுத்து இருந்தது. அது அவனைவிடப் பதினாறு வயது மூத்த அக்கா கோகிலவாணியின் கையெழுத்து.

செல்லாண்டிபுரம் நகரமைப்பு அலுவலகத்தில் அவள்தான் இணை இயக்குநர். அன்று காலை இருநூற்றுப் பன்னிரண்டு நோட்டீஸ்கள் திரையில் வந்து நின்றன. விரலை ஒருமுறை வைத்தாள், இருநூற்றுப் பன்னிரண்டிலும் கையெழுத்து விழுந்தது. ஒவ்வொன்றாக யார் படிப்பது? மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே பட்டியலைத் தள்ளிப் பார்த்தபோதுதான் பிறந்த வீட்டு முகவரி கண்ணில் பட்டது. தயிர்சாதத்தை அப்படியே மூடிவைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள்.

இந்த இடத்தில் நிலமானியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு வீதியிலும் விளக்குக் கம்பத்தில் சாப்பாட்டுத் தூக்கு அளவில் ஒரு பெட்டி இருக்கும். அதுதான் நிலமானி. ஜனங்கள் அதை மோப்பன் என்பார்கள். எந்த மனையில் எவ்வளவு தண்ணீர் புழங்குகிறது, எந்த நேரத்தில் அடுப்பு எரிகிறது, சாக்கடையில் என்ன போகிறது, எத்தனை கால் உள்ளே போகிறது, எத்தனை வெளியே வருகிறது, உள்ளே என்ன மாதிரிச் சத்தம், எல்லாம் அதற்குத் தெரியும். பேசுகிற சொற்களைக் கேட்காது, சட்டம் அதைத் தடுத்திருந்தது. சத்தத்தின் ஜாடையை மட்டும் பார்க்கும். பார்த்துவிட்டு, அந்த மனையில் உண்மையில் என்ன நடக்கிறது என்று தானே முடிவுகட்டி, ஊர் வரைபடத்தில் நிறம் பூசிவிடும். வீட்டுக்கு மஞ்சள், கடைக்கு நீலம், பட்டறைக்கு ஊதா, ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சிவப்பு. மஞ்சள் இடத்தில் ஊதா வேலை நடந்தால் முப்பது நாளில் காலி செய்ய வேண்டும். எந்த அமைச்சரின் சிபாரிசும் அதனிடம் செல்லாது. ஊரே மெச்சிய சட்டம் அது. அதன் ஏழாவது விதியை எழுதியவள் கோகிலவாணி.

வீட்டுக்குள் பட்டப்பகலிலும் இருட்டாக இருந்தது. ஜன்னல்கள் சாத்தியிருந்தன. சம்பத் கூடத்தில் வெறுந்தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முப்பத்தெட்டு வயது ஆளைப் பார்த்தால் ஐம்பது சொல்லலாம்.

"சாப்ட்டியா கண்ணு?"

"ம்."

"என்ன சாப்ட்ட?"

மூலையில் ஒரு பன் பாக்கெட் பாதி பிரிந்து கிடந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால் மலையிலிருந்து கல்யாணம் முடிந்து இறங்கிவந்த வேன் பள்ளத்தில் உருண்டது. சம்பத்தின் மனைவி சுகந்தியும் ஆறு வயது மகள் இனியாவும் அதில் போய்விட்டார்கள். சம்பத்துக்கு அன்று லீவு கிடைக்கவில்லை, அதனால் பிழைத்தான். பிழைத்தான் என்று ஊர்தான் சொன்னது. பதினாறாம் நாள் காரியம் செய்யலாம் என்று பெரியவர்கள் வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டான். "காரியம் பண்ணிட்டா முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். முடிய வேண்டாம்" என்று உள்ளேயிருந்தே சொல்லி அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் விளக்கு எரியவில்லை. அடுப்பும் எரியவில்லை. மகளின் பள்ளிச் சீருடை துவைக்காமல் கொடியில் கிடந்தது, அதை யாரும் தொடக்கூடாது.

"அக்கா, நான் இங்க இல்லைன்னு எழுதிருக்குது. பாத்தியா?"

"பாத்தேன். அது தப்பா கணக்குப் போட்டிருக்குது. நான் சரிபண்ணிடறேன்."

"தப்புன்னு எனக்குத் தோணல" என்றான் சம்பத். நோட்டீஸை மடித்துக்கொண்டே, "இந்தச் சட்டம் எதுக்குக்கா? நெசமாத்தான் கேக்கறேன். எதுக்கு?" என்றான்.

அவள் அவனெதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"பதினோரு வருசத்துக்கு முந்தி மேட்டு வீதில சாயப்பட்டறை பாய்லர் வெடிச்சது நெனப்பிருக்கா? பேப்பர்ல அது வீடு. வரி கட்டுனதும் வீட்டுக்குத்தான். உள்ள போனா மூணு பாய்லர். பக்கத்துல ஓட்டு வீட்டுல தூங்கிட்டு இருந்த பன்னெண்டு பேரு, அதுல ஏழு பேரு கொழந்தைங்க. பொணத்த எண்ணுறதுக்கு என்னையும் அனுப்புனாங்க. அன்னிக்கு நெனச்சேன், பேப்பர நம்பவே கூடாதுன்னு. நெலத்துல நெசமா என்ன நடக்குதோ அதுதான் பயன்பாடு. விதி ஏழு அதுதான்."

"சரி. பட்டறைக்குப் போட்ட சட்டம் வீட்டுக்கு எதுக்கு?"

"நாலாயிரம் வீடு வாங்கிப் பூட்டிப் போட்டிருந்தாங்க சம்பத்து. ரேட்டு ஏறட்டும்னு. இந்தப் பக்கம் பாலத்துக்கடியில குடும்பம் குடும்பமா படுத்துக் கெடந்தாங்க. ஆளில்லாத வீட்ட வீடில்லாத ஆளுக்குக் குடுக்கலாம்னு அதையும் சேத்தோம். இன்னிக்கு பாலத்துக்கடியில ஒருத்தர் இல்ல."

"நல்லதுதான பண்ணிருக்கே" என்றான். குரலில் குத்தல் கிடையாது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"இந்த வீடு போகாது. நான் பாத்துக்கறேன். இல்லாட்டி என்ற வீட்டுக்கு வந்துரு."

சம்பத் தலையை அசைத்தான். "இங்க இருந்தா அவங்க இல்லைங்கறது கொஞ்சம் கொஞ்சமா பழகுதுக்கா. வேற எடத்துக்குப் போனா மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். என்னால முடியாது. இந்த வீட்ட மட்டும் எடுத்துராதீங்க."

எடுத்துராதீங்க என்று பன்மையில் சொன்னான். அக்காவையும் அலுவலகத்தையும் சேர்த்துத்தான் சொன்னான் என்று அவளுக்குப் புரிந்தது.

மறுநாள் உதவி நகரமைப்பாளர் ரெஜினாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். நிலமானியின் உள்விவகாரம் அந்தப் பெண்ணுக்குத்தான் அத்துபடி.

"வீடுன்னு எடுத்துக்க நூத்துக்கு நாப்பது புள்ளி வரணும் மேடம்" என்றாள் ரெஜினா. "அடுப்பு, தண்ணி, பேச்சு, சிரிப்பு, சண்டை, கதவு தொறந்து மூடுறது எல்லாம் சேத்து. உங்க தம்பி வீட்டுக்குப் பதினொண்ணு."

"ஆள் உள்ளதான இருக்கான்! மூச்சு விடறானே!"

"இருக்காரு. ராத்திரி வாட்ச்மேன் படுத்திருக்கிற பஞ்சு குடோனுக்கே பதினாலு வருது மேடம்."

கோகிலவாணிக்குச் சுருக்கென்றது. "நான் ஆட்சேபணை எழுதித் தர்றேன். குடும்ப அட்டை, ஆதார், அக்கம்பக்கத்து சாட்சி எல்லாம் இருக்கு."

ரெஜினா மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "விதி ஏழு, உட்பிரிவு ரெண்டு. காகித ஆதாரம் ஏற்கப்படாது. நீங்க எழுதுனதுதான் மேடம். முப்பது நாளுக்குள்ள அந்த மனையில பயன்பாடு மாறினா மட்டும்தான் திரும்பக் கணக்குப் போடும்."

நல்ல கூத்துதான். சாயப்பட்டறைக்காரர்கள் பொய்க் காகிதம் நீட்டிவிடக்கூடாது என்று பார்த்துப் பார்த்து அடைத்த ஓட்டை அது. தம்பிக்காகக்கூட அதில் விரல்நுழைய இடம் வைத்திருக்கவில்லை.

அன்று சாயங்காலமே காளியண்ணன் வீதியில் வீடு வீடாக ஏறினாள். அவள் பிறந்து வளர்ந்த வீதி, எல்லாரும் தெரிந்தவர்கள். முதலில் எதிர்வீட்டுத் தங்கராசுவிடம் போனாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்றவர், வீதியில் எந்தக் காரியத்துக்கும் முன்னால் நிற்பவர்.

"மாமா, நம்ம சம்பத்து வீட்டக் காலி மனைன்னு போட்டிருச்சு. தெனமும் நாலு பேரு அங்க போயி வந்தா சரியாயிரும்."

"அட, இதுக்குப் போயி மொகத்த இப்படி வெச்சிருக்கியா அம்மிணி! போறதுக்கென்ன? நாங்களே போகோணும்னுதான் நெனச்சோம். அவன் கதவத் தொறக்கறதில்ல, அதான் சங்கடப்பட்டுட்டு இருந்தோம். போயி என்ன பண்ணோணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம் மாமா. சும்மா போயி அவங்கூட உக்காந்திருங்க. அது போதும்."

அடுத்த வீட்டு ஜமுனா இன்னும் ஒருபடி மேலே போனாள். "அக்கா, நான் எங்க சின்னம்மா, நாத்தனாரு எல்லாத்தையும் கூட்டிட்டுப் போறேன். பொம்பளைங்க போனாத்தானுங்க வீடு வீடா இருக்கும்." ஏழு வீட்டுக்காரர்கள் முறைபோட்டுக்கொண்டார்கள். காலையில் ஆண்கள், மத்தியானம் பெண்கள். ஒருவரும் மறுக்கவில்லை. கோகிலவாணிக்கு வீடு திரும்பும் வழியெல்லாம் கண் நிறைந்து நிறைந்து வந்தது. இந்த ஊருக்கு இன்னும் நெஞ்சில் ஈரம் இருக்கிறது என்று நினைத்தாள்.

ஈரம் இருந்தது உண்மை. சொன்ன சொல் தவறாமல் தினமும் போனார்கள். அவளும் இரண்டு நாளைக்கு ஒருமுறை போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். சம்பத் கதவைத் திறந்துவைத்தான், அதுவே பெரிய மாற்றம். மூன்றாம் வாரம் தங்கராசுவிடம் இரண்டு வார்த்தை பேசினான் என்று கேள்விப்பட்டு, அன்று அலுவலகத்தில் எல்லாருக்கும் மிக்சர் வாங்கிக் கொடுத்தாள். கால் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது திரையில் தெரிந்தது. நிறம் எப்போது மஞ்சளாகும் என்று தினமும் காலையில் முதல் வேலையாக அதைத்தான் பார்த்தாள்.

இருபத்தாறாம் நாள் காலையில் நிறம் மாறியிருந்தது. மஞ்சள் இல்லை, சாம்பல்.

"சாம்பல்னா?" என்றாள், தெரிந்தும்.

"ஈமத் தலம், மேடம். சுடுகாடு, இடுகாடு, காரிய மண்டபம், அந்த வகை."

"பைத்தியமா பிடிச்சிருக்கு அதுக்கு? வீட்டப் போயி சுடுகாடுங்குது!"

"நானும் அப்படித்தான் நெனச்சேன். உள்ள போயி பாத்தேன்." ரெஜினா திரையைத் திருப்பினாள். "ஆளுங்க வர்றாங்க. வர்றப்ப உள்ளேயிருந்து யாரும் வாங்கன்னு கூப்பிடறதில்ல. அடுத்த வீட்டுல யார் வந்தாலும் அந்தச் சத்தம் இருக்கு மேடம், இங்க ஒருநாள்கூட இல்ல. முப்பது நிமிஷம் உக்காந்திருக்காங்க, பேச்சு இல்ல. பொம்பளைங்க வந்தா அழுகை. டம்ளர் சத்தம் இல்ல, அடுப்பு இல்ல, யாரும் ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்கல. போறப்ப போயிட்டு வர்றேன்னு சொல்லாம எந்திரிச்சுப் போறாங்க. அப்பறம் இதப் பாருங்க."

இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். ஏழு வீட்டுத் தண்ணீர்க் கணக்கு.

"பதினாலாம் நம்பர்லேர்ந்து வெளிய வந்தவங்க, அவங்கவங்க வீட்டுக்குப் போன அஞ்சு நிமிஷத்துல குளிக்கிறாங்க. ஒருத்தர் விடாம. பகல் ரெண்டு மணிக்குக்கூட. ஊர்லயே வேற எங்கேயிருந்து திரும்பி வந்தா ஜனங்க இப்படிக் குளிக்கிறாங்கன்னு அது தேடிருக்கு. ஒரே ஒரு எடந்தான் பொருந்துச்சு."

கோகிலவாணி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். காரியம் ஆகாத வீடு. ஊர்க் கணக்கில் அது இன்னும் எழவு வீடு. எழவு வீட்டுக்குப் போகிறவனை யார் வாங்க என்பார்கள்? அங்கே யார் காபி குடிப்பார்கள்? கிளம்பும்போது வர்றேன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? வீட்டுக்கு வந்தால் தலைக்கு ஊற்றிக்கொள்ளாமல் யார் அடுப்படிக்குப் போவார்கள்? மரியாதை தெரிந்த ஜனங்கள், மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். சும்மா போய் உட்காருங்கள் என்று சொன்னவள் அவள். ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லத் தோன்றவில்லை. அவளும் இந்த ஊரில் பிறந்தவள்தானே, தெரியாதா? பட்டியலின் கடைசியில் எட்டாவதாக ஒரு தண்ணீர்க் கணக்கு இருந்தது. ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் அவளுடைய பிளாட். தம்பி வீட்டுக்குப் போய்விட்டு வந்த ஒவ்வொரு நாளும் அவளும் குளித்திருந்தாள்.

"சரி. சாம்பலோ கறுப்போ, காலி மனை இல்லைல்ல? அவன் அங்கயே இருக்கலாம்ல?"

"ஈமத் தலத்துக்குக் காவலாளி ஒருத்தர் தங்கலாம்னு விதி இருக்கு மேடம். அவர் இருக்கலாம்." ரெஜினா வரைபடத்தில் வீதியைப் பெரிதாக்கிக் காட்டினாள். "மத்தவங்கதான் இருக்க முடியாது. ஈமத் தலத்துலேர்ந்து தொண்ணூறு மீட்டருக்குள்ள குடியிருப்பு கூடாது. முப்பத்தேழு வீடு வருது. நோட்டீஸ் தயாராயிருச்சு, அறுபது நாள் கெடு. உங்க கையெழுத்துதான் பாக்கி."

கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டாள். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு, அவள் போடாத கையெழுத்துக்குப் பதிலாக மேலதிகாரியின் கையெழுத்தோடு முப்பத்தேழு கதவிலும் நோட்டீஸ் ஒட்டப்பட்டது.

அவள் வீதிக்குள் நுழைந்தபோது சம்பத்தின் வீட்டு வாசலில் கூட்டம் நின்றது. பெற்ற பிள்ளையிடம் பேசுவதுபோல் இத்தனை நாள் அவளிடம் பேசிய தங்கராசு, நோட்டீஸை அவள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"வா அம்மிணி, வா. உன்ற பேச்சக் கேட்டு நல்லது பண்ணப் போனோம் பாரு, நல்லா அனுபவிக்கறோம்! நாப்பது வருசம் பஸ்ஸுல நின்னு நின்னு கட்டுன வீடு. சுடுகாட்டுப் பக்கத்துல இருக்குதாம், காலி பண்ணோணுமாம். எங்க வீட்டுக்கு எதுக்க இருக்கறது சுடுகாடா?"

"மாமா, நான் மேல எழுதிருக்கேன். எப்படியும்..."

"என்னத்த எழுதுவ? எழுதுனதே நீதான!"

ஜமுனா அழுதுகொண்டிருந்தாள். "அக்கா, எம்பொண்ணுக்கு அடுத்த மாசம் வளைகாப்பு. எங்க போயி வைப்பேன்? உங்க தம்பி ஒருத்தர் ஒழுங்கா காரியத்தப் பண்ணித் தொலைச்சிருந்தா எங்களுக்கு இந்த கதி வருமா? செத்தவங்க செத்துட்டாங்க, இருக்கறவங்கள எதுக்குங்க சாகடிக்கறீங்க?"

சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் சொல்லியாகிவிட்டது. கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே எல்லாம் கேட்டிருக்கும்.

சம்பத் வெளியே வந்தான். ஏழு மாதத்தில் முதல்முறையாக வாசல்படி தாண்டி வந்திருந்தான். வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

"இதை மாத்த என்னக்கா பண்ணோணும்?"

"நீ உள்ள போ கண்ணு."

"சொல்லு. என்ன பண்ணோணும்?"

அவள் சொன்னாள். வேறு வழியில்லாமல் நடுவீதியில் நின்று சொன்னாள். நாற்பது புள்ளிக்கு மேல் தொடர்ந்து நாற்பது நாள் வரவேண்டும். மூன்று வேளை அடுப்பு எரியவேண்டும், விளக்கு எரியவேண்டும், பேச்சுச் சத்தம் வேண்டும், சிரிப்பு வேண்டும். அழுகை வந்தால் புள்ளி குறையும். பெரியவர்கள் அழுவது ஒரே நாளில் பத்து நிமிடத்தைத் தாண்டினால் குறிப்பு எழுதும், இரண்டாவது குறிப்பில் மறுபடி சாம்பல், ஊரில் எந்த வீட்டுக்கும் இதே கணக்குதான். கொடியில் கிடக்கும் துணிகளை எடுத்துத் துவைக்க வேண்டும், துவைக்காத வீட்டை அது வீடாக எடுத்துக்கொள்வது இல்லை.

"அவ்வளவுதான?" என்றான் சம்பத். தங்கராசுவைப் பார்த்துக் கைகூப்பினான். "மன்னிச்சிருங்க மாமா. உங்க வீடெல்லாம் போகாது." உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒருவன் துணியை மெதுவாக, மிக மெதுவாகக் கல்லில் கும்மிக்கொண்டிருந்தான்.

அதற்குப் பிறகு நடந்ததை வீதியே வியந்து பேசியது. மறுநாள் காலை ஐந்தரைக்குப் பதினான்காம் நம்பரில் குக்கர் விசில் அடித்தது. ஜன்னல்கள் திறந்தன. சம்பத் சவரம் செய்துகொண்டு வேலைக்குப் போனான். பதினாறாம் நாள் செய்யாததை எட்டாம் மாதத்தில் செய்து முடித்தான். சாயங்காலம் ஆறரைக்கு டிவி ஓடும், அதையும் மீறி அவன் சிரிப்பு கேட்கும். வருகிறவர்களை வாசலுக்கே வந்து "வாங்க வாங்க" என்று கூப்பிட்டான். காபி கலந்து கொடுத்தான். போகிறவர்கள் "போயிட்டு வர்றேன் சம்பத்து" என்று கூடுதலாகச் சத்தம்போட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். போய்க் குளிக்காமல் இருந்தார்கள்.

நாற்பத்தோராம் நாள் மஞ்சள் வந்தது. முப்பத்தேழு நோட்டீஸும் ரத்து. வீதியில் ஜாங்கிரி கொடுத்தார்கள். தங்கராசு அலுவலகத்துக்கே வந்து கோகிலவாணியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதோ கோவத்துல பேசிட்டேன் அம்மிணி, மனசுல வெச்சுக்காத. ஆனா ஒண்ணு, அந்த மெசின் அடிச்ச அடியில பையன் மனுசனாயிட்டான்" என்றார். அவளும் நம்பினாள். நம்ப ஆசையாக இருந்தது, நம்பினாள். விதி ஏழில் ஒரு திருத்தம் கேட்டு எழுதத் தொடங்கியிருந்த மனுவைக்கூடப் பாதியில் நிறுத்திவிட்டாள். ஊருக்கு நன்மையாகத்தானே முடிந்திருக்கிறது, கிளறுவானேன் என்று தோன்றியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் சம்பத் அவளுடைய பிளாட்டுக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை, கையில் ஒரு சீப்பு பூவன்பழம். அவள் மகனும் மருமகளும் பேரனைக் கூட்டிக்கொண்டு பூங்காவுக்குப் போயிருந்தார்கள்.

"வாடா கண்ணு! சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்க்கா. காலைல உப்புமா, கேசரி. கேசரி பண்ணுனா புள்ளி ஒண்ணு கூட வருது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். நல்ல உரத்த சிரிப்பு. சோபாவில் உட்காரவில்லை, ஜன்னலோரமாகப் போய் நின்றான்.

"அக்கா, வீட்டுல யாரும் இல்லையா?"

"ஒரு மணிக்குத்தான் வருவாங்க. ஏன்?"

"ஒண்ணு கேக்கோணும். தப்பா நெனச்சுக்காத."

"சொல்லு."

"இங்க கொஞ்சம் அழுதுக்கட்டுமா?"

அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"அங்க முடியறதில்லக்கா. முப்பத்தேழு குடும்பம். ஜமுனாக்கா மக வேற மாசமா இருக்கறா. பத்து நிமிசம் விட்டுருக்குதுன்னு நீ சொன்னே, ஆனா ஆரம்பிச்சா பத்துல நிறுத்த முடியுமான்னு பயமா இருக்குது, அதனால ஆரம்பிக்கறதே இல்ல. ஆபீஸ் நீலம், அங்க அழுதா வேற மாதிரி எழுதுமாம். சுடுகாட்டுக்குப் போனேன். அங்க வாட்ச்மேன் வர்றவங்க எத்தன பேருன்னு கணக்கு எழுதறான், தனியா வர்றவன உக்கார விடறதில்ல. பஸ் ஸ்டாண்டு, பார்க்கு, எல்லாத்துலயும் கம்பம் இருக்குது. இந்த ஊருல எங்கயாவது எடம் இருக்கான்னு உன்ற வரைபடத்த எடுத்து வெச்சுப் பாத்தேன். எல்லாத்துக்கும் ஒரு நெறம் இருக்குதுக்கா. இதுக்குத்தான் இல்ல."

பழச் சீப்பை இன்னும் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தான். அவள் வாங்கி மேசைமேல் வைத்தாள்.

மனசுவிட்டு அழுடா, எத்தனை நேரம் வேண்டுமானாலும் அழு, யார் கேட்பார்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள். அதற்குள் மனசு கணக்குப் போட்டுவிட்டது. இருபத்தைந்து வருடம் அந்த வேலை பார்த்த மனசு. இது பிளாட். மாடிக்கு ஆறு வீடு, பதினான்கு மாடி, பக்கத்துக் கட்டடங்கள் வேறு. பேரனுக்கு இப்போதுதான் கீழ்வீதிப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருக்கிறது. போன வாரம் கணவரின் நினைவுநாளில் அவளே இங்கே கொஞ்ச நேரம் அழுதிருந்தாள். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. ஒரு குறிப்பு ஏற்கெனவே எழுதியிருக்குமோ? இருந்தாலும் இருக்கும். தம்பி முகத்தைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். தன் வாயிலிருந்து வந்த சொல் அவளுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"எட்டு நிமிசம் கண்ணு. அதுக்குள்ள முடிச்சுக்க."

"போதும்க்கா" என்றான். நன்றியோடு சொன்னான்.

ஜன்னலைச் சாத்தினாள். அடுப்படிக்குப் போய் மிக்சியில் வெறும் ஜாரை மாட்டி ஓடவிட்டாள். திரும்பி வந்தபோது சம்பத் சுவரோரம் குந்தி, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தான். "இனியா" என்ற பெயர் மட்டும் துண்டைத் தாண்டி வந்தது. அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. கட்டிக்கொண்டால் தானும் அழுதுவிடுவோம், இரண்டு பேர் அழுதால் நேரம் இரட்டிப்பாகும் என்று தள்ளியே நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாவது நிமிடத்தில் தோளைத் தொட்டாள். அவன் அந்த நொடியே நிறுத்தினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஜன்னலைத் தானே திறந்துவைத்து, வீதிக்குக் கேட்கும்படி வாய்விட்டுச் சிரித்தான். பிறகு அவளைத் திரும்பிப் பார்த்து, "நீயும் சிரி, அக்கா" என்றான்.